வீடு அமருதா, மலை நகருதா? மலையக வீடுகளில் விழும் வெடிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் என் கைப்பேசிக்கு வரும் படங்களில் பாதி சுவர்ப் படங்கள்தான். "அண்ணே, நேத்து இல்லாத வெடிப்பு. பயப்படணுமா?" இலங்கை மலையகத்தில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை பல வீடுகளுக்குள் டோர்ச்சும் டேப்புமாக நுழைந்து பார்த்தவன் நான். அப்படிக் கேட்டவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

புது வீடு. குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சுவரெல்லாம் கீறல். ஏமாந்துவிட்டோமா?

பெரும்பாலும் இல்லை. சிலந்தி வலை போல, வறண்ட குளத்து மண் போல, திசையில்லாமல் ஓடும் மெல்லிய கீறல்கள் பூச்சில் விழுந்தவை. சீமெந்துப் பூச்சு காயும்போது சுருங்கும். பூசிய பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் காட்டாமல் விட்டிருந்தால், அல்லது கலவையில் சீமெந்து அதிகமாக இருந்திருந்தால், இன்னும் கூடுதலாகச் சுருங்கும். மாசி மாதக் காய்ந்த காற்றில் பூசிய சுவரில் இதை நிறையப் பார்க்கலாம்.

சீமெந்துக் கல் சுவரின் நடுவில் மேலிருந்து கீழாக நேராக ஒரு மெல்லிய கோடு விழுந்தால், அதுவும் சுருக்கம்தான். ஈரம் காயாத கல்லை அவசரத்தில் கட்டிய வீடுகளில் இது சாதாரணம். ஒரு வருடம் போனால் நின்றுவிடும். கொங்கிரீட் தூணும் கல் சுவரும் சேருமிடத்தில் விழும் நேர்க்கோடும் அப்படித்தான்: இரண்டு பொருளும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன.

"வீடு உட்காரும், அது சகஜம்" என்கிறார் மேசன் பாஸ். அப்படி என்றால் என்ன?

அத்திவாரத்துக்குக் கீழே உள்ள மண் முன்பு அவ்வளவு பாரத்தைச் சுமந்ததில்லை. வீட்டின் பாரம் ஏறியதும் மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றும் நீரும் வெளியேறி மண் கொஞ்சம் நெருங்குகிறது. வீடும் அந்தளவு இறங்குகிறது. மணல் கலந்த மண்ணில் இது சீக்கிரம் முடியும். களிமண்ணில் வருடக்கணக்கில் இழுக்கும். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மழைக்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

பாஸ் சொன்னது சரி, ஆனால் அரைவாசிதான். முழு வீடும் ஒரே அளவாக ஓர் அங்குலம் இறங்கினாலும் சுவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மூலை இறங்கி மற்ற மூலை நின்றுவிட்டால்தான் சுவர் கிழியும்.

எவ்வளவு அகலம் வரை கவலைப்படாமல் இருக்கலாம்?

நம் பேச்சிலேயே இதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன: கீறல், வெடிப்பு, பிளவு. ஹெக்சோ பிளேட்டின் நுனி நுழையாவிட்டால் கீறல், பூச்சு வேலையோடு முடியும். 1 மில்லிமீற்றர் வரையும் பெயின்ட் அடிக்கும்போது மறைத்துவிடக் கூடியதே. 5 மில்லிமீற்றர் வரை போனால் வெடிப்பு. காரணத்தைத் தேட வேண்டும், கதவு ஜன்னல் சிக்கத் தொடங்கியிருக்கும். ஒரு பென்சிலின் தடிப்பு ஏறக்குறைய 7 மில்லிமீற்றர். பென்சில் நுழைகிறது என்றால் அது பிளவு, நீங்களே வைத்தியம் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. 15 மில்லிமீற்றருக்கு மேல் போனால் சுவரின் அந்தப் பகுதியை உடைத்துக் கட்ட வேண்டிய நிலை. 25ஐயும் தாண்டினால் அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று பார்த்து, அதன் கீழே யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு சமதரையில் கட்டிய வீட்டுக்குப் பொருந்தும். சரிவில் கட்டிய வீட்டில் 2 மில்லிமீற்றர் வெடிப்பும் பெரிய சேதி கொண்டுவரலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

அகலத்தை விட்டால் வேறு எதைப் பார்ப்பது?

போகும் வழியைப் பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான சாந்து வழியே படிக்கட்டுப் போல இறங்கும் வெடிப்பும் அத்திவாரம் சமமில்லாமல் இறங்குவதைக் காட்டுபவை. மேலே அகலமாகவும் கீழே ஊசி போலவும் இருந்தால் சுவரின் ஓரம் இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது.

வெளியே போய் அதே இடத்தைப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே கோடாக இருந்தால் சுவரே வெடித்திருக்கிறது. உள்ளே மட்டும் என்றால் அநேகமாகப் பூச்சு. பிறகு கண்ணை மூடி விரலால் தடவுங்கள். ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் தட்டுப்பட்டால் சுவர் விலகியது மட்டுமல்ல, தள்ளப்பட்டும் இருக்கிறது. இந்த மேடுபள்ளம் படத்தில் தெரியாது. அதனால்தான் படம் அனுப்புகிறவர்களிடம் முதலில் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

கொங்கிரீட் கூரைத் தட்டுக்குக் கீழே சுவரின் உச்சியில் படுக்கையாக ஓடும் கோடு பெரும்பாலும் வெயிலின் வேலை. நுவரெலியாவில் தை மாதத்தில் விடியற்காலை புல்லில் உறைபனி படியும், மத்தியானம் தட்டு சுடும். அந்தத் தட்டு நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. பீம் வழியே நீளமாகக் கோடு ஓடி, அதில் செம்பழுப்புக் கறை வடிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. அது அமர்வும் அல்ல, நகர்வும் அல்ல, ஆனாலும் விடக்கூடாத வியாதி.

மண்மேட்டை வெட்டிச் சமப்படுத்திக் கட்டினோம். வெடிப்பு வீட்டின் நடுவில் ஒரே கோடாக ஓடுகிறது. ஏன்?

மலையகத்தில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஏழு பேர்ச்சஸ் காணி, அதுவும் சரிவு. மேல்பக்கம் வெட்டுகிறோம், வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டுகிறோம், சமமாக ஒரு தட்டு கிடைக்கிறது. அதன்மேல் வீடு. பின்பாதி ஆயிரமாயிரம் வருடமாக இறுகிக் கிடந்த மண்ணில் நிற்கிறது. முன்பாதி போன மாதம் கொட்டிய மண்ணில் நிற்கிறது. பின்பாதி அசையாது. முன்பாதி மழைக்கு மழை இறங்கும். இரண்டுக்கும் நடுவே, வெட்டு முடிந்து நிரப்பு தொடங்கும் கோட்டிலேயே வீடு வெடிக்கும். தரை டைல்சிலும் அதே கோடு தெரியும்.

மண்ணைக் கொட்டிய பிறகு ஒரு மழைக்காலம் விட்டோம், அது இறுகிவிட்டது என்பார்கள். மழை மேல்மண்ணை இறுக்கும், அடிமண்ணை இறுக்காது. அரையடி அரையடியாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்கினால்தான் நிரப்பு மண் நிற்கும். தேயிலைத் தூர், மரக்கட்டை, புல் எல்லாவற்றையும் மண்ணோடு சேர்த்துத் தள்ளியிருந்தால் அவை உக்கி உள்ளே பொந்து விழும். மூன்றாம் நான்காம் வருடத்தில் திடீரென்று இஸ்தோப்பு (முன் விறாந்தை) இறங்கியது என்று வரும் வீடுகளில் தோண்டிப் பார்த்தால் அடியில் தூர்தான் கிடைக்கும்.

கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்பக்க அத்திவாரத்தை நிரப்பு மண்ணைக் கடந்து பழைய மண் வரை இறக்குங்கள். செலவு கூடும். வெட்டிய தட்டில் பின்பக்கமாகச் சின்ன வீடு கட்டுவது அதைவிட மலிவு. முற்றம் நிரப்பு மண்ணில் இருக்கட்டும்.

கதவு மூட முடியவில்லை. அத்திவாரம் இறங்கிவிட்டதா?

மாதத்தைப் பாருங்கள். நோர்வூட் பக்கம் என் அத்தை வீட்டுக் கதவு ஆனி மழையில் சிக்கிக்கொண்டது. மாமா இழைப்புளி போட்டு நன்றாகச் சீவிவிட்டார். மாசி மாதம் போய்ப் பார்த்தால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே இரண்டு விரல் போகும், பனிக்காற்று உள்ளே அடிக்கிறது. மரம் மழைக்கு ஊதும், காய்ச்சலுக்கு வற்றும், அவ்வளவுதான். வெயில் காலத்திலும் சிக்குகிற கதவு, மேல் மூலையில் மட்டும் இடிக்கிற கதவு, பக்கத்துச் சுவரில் சாய்வு வெடிப்போடு சேர்ந்து சிக்குகிற கதவு ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். ஒரே வாரத்தில் வீட்டின் மூன்று கதவுகளும் சிக்கினால் இழைப்புளியைத் தேட வேண்டாம்.

நாங்கள் இருப்பது பழைய லயம், தோட்டத்து வரிசை வீடு. நூறு வருடம் நின்ற சுவர்தானே, இனி என்ன ஆகப்போகிறது?

நூறு வருடம் நின்றது என்பது அமர்வு எப்போதோ முடிந்துவிட்டது என்பதற்குச் சான்று. அதனாலேயே, பழைய லயத்தில் புதிதாக ஒரு வெடிப்பு விழுந்தால் "உட்காருது" என்ற சமாதானம் செல்லாது. ஏதோ மாறியிருக்கிறது. பின்பக்கக் கான் அடைபட்டிருக்கலாம். மேலே புதிதாக ரோட்டு வெட்டியிருக்கலாம். யாரோ குசினியைப் பின்னால் நீட்டியதில் மழைத்தண்ணீர் அத்திவாரத்தடிக்குத் திரும்பியிருக்கலாம். தண்ணீர்க் குழாய் மண்ணுக்குள் உடைந்திருக்கலாம்.

கருங்கல்லும் மண்சாந்துமாகக் கட்டிய லயச்சுவரில் இன்னொன்று: வெடிப்பு பெரிதாகத் தெரியாமலே சாந்து கரைந்து சுவர் வயிறு தள்ளும். கூரையிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். மேலே ஒட்டி நடுவில் முட்டினால் சுவர் வயிறு வைத்துவிட்டது. அந்தக் காம்பராவில் பிள்ளைகளைச் சுவரோரம் படுக்க வைக்காதீர்கள்.

பழைய வீட்டோடு ஒட்டிக் கட்டிய புது அறை விலகுகிறது.

விலகத்தான் செய்யும். பழையது அமர்ந்து முடிந்தது, புதியது இனித்தான் அமரும். தொடக்கத்திலேயே இடையில் ஓர் இணைப்பு இடைவெளி விட்டிருக்க வேண்டும். நேர்கோடாக, மேலும் கீழும் ஒரே அகலமாக இருந்து ஒன்றிரண்டு வருடத்தில் நின்றுவிட்டால் வளையும் பசை அடைத்து மறந்துவிடலாம். சீமெந்தை அடைக்காதீர்கள், அதுவும் வெடிக்கும். மேல்பக்கம் மட்டும் அகலம் கூடிக்கொண்டே போனால் புது அறை வெளியே சாய்கிறது.

வெடிப்பு வளருதா நின்றுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பென்சிலால். வெடிப்பின் இரண்டு நுனியிலும் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். நுனி கோட்டைத் தாண்டினால் வளர்கிறது. அகலத்துக்கு, வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்து, தலைக்குத் தலை அளந்து கொப்பியில் குறியுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், காலையென்றால் எப்போதும் காலையில். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை.

இன்னொரு வழி எங்கள் வாத்தியார் காலத்து வழி: ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, பூச்சைச் சுரண்டிவிட்டு இரு முனையையும் சீமெந்தால் ஒட்டுவது. சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடையும். இரவில் "டிக்" என்று கேட்டு எழுந்தவர்களும் உண்டு. ஆனால் எவ்வளவு அசைந்தது என்று கண்ணாடி சொல்லாது, கொப்பிதான் சொல்லும்.

மழையில் விரிந்து வெயிலில் பழைய அளவுக்கே திரும்பினால், அது மண்ணின் மூச்சு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கூடி, வெயிலில் திரும்பாமல் அங்கேயே நின்றால் ஆளைக் கூப்பிடுங்கள். ஒரே நாளில் கூடினால் அளக்க நிற்க வேண்டாம்.

வெடிப்பைப் பூசிவிட்டால் போதாதா?

பூசலாம், காரணம் தெரிந்த பிறகு. வளர்ந்துகொண்டிருக்கும் வெடிப்பைப் பூசுவது, ஓடுகிற மணிக்கூட்டின் முகத்தைத் துணியால் மூடுவது மாதிரி. பிறகு யாராவது வந்து பார்த்தாலும் எவ்வளவு காலத்தில் எவ்வளவு வளர்ந்தது என்று சொல்ல வழியில்லாமல் போகும். பூசுவதற்கு முன் படமாவது எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஓர் அடிமட்டத்தோடு.

வீட்டுக்குப் பின்னால் உள்ள அணைச்சுவர் வெளியே தள்ளுகிறது.

வீட்டுச் சுவரைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அணைச்சுவரைத் தள்ளுவது மண் மட்டுமல்ல, மண்ணுக்குள் தேங்கும் தண்ணீரும்தான். சுவரில் விட்ட நீர்த்துளைகளைப் பாருங்கள். கொட்டுகிற மழையில் அவை காய்ந்திருந்தால் அடைபட்டிருக்கின்றன. தண்ணீர் சுவருக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். துளையே இல்லாத சுவர்களும் ஏராளம். படுக்கைவாட்டில் ஒரு வெடிப்பும் அதற்கு மேலே வயிறும் தெரிந்தால், மழை விடும்வரை அந்தப் பக்கத்து அறையைக் காலி செய்யுங்கள்.

வீடு அல்ல, மலைதான் நகர்கிறது என்று எப்போது சந்தேகிக்க வேண்டும்?

வீட்டை விட்டு வெளியே வந்து மேலே ஏறுங்கள். சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. வீடு அமர்ந்தால் வெடிப்பு வீட்டோடு முடியும். மலை நகர்ந்தால் வெடிப்பு வாசலைத் தாண்டி, கானைத் தாண்டி, தேயிலைக்குள் போகும்.

தேட வேண்டியது, சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஓடும் நிலப்பிளவு. ஒரு பக்கம் அரையடி இறங்கியிருக்கும். புல் மூடியிருப்பதால் காலுக்குத்தான் முதலில் தட்டுப்படும். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் அதிகாரிகளுக்கு முன்பே இதைக் காண்பார்கள், அவர்களைக் கேளுங்கள். மின்கம்பம் சாய்ந்து கம்பி ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்ந்திருக்கிறதா? டர்பன்டைன் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? கொங்கிரீட் படிக்கட்டு வீட்டை விட்டு விலகியிருக்கிறதா?

தண்ணீரையும் பாருங்கள். மலை ஊற்றிலிருந்து வழக்கமாகத் தெளிவாக வரும் பீலித் தண்ணீர் சேறாக வந்தால், இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று கிளம்பினால், கொட்டும் மழையிலும் பீலி திடீரென்று நின்றுபோனால், மூன்றும் ஒரே செய்திதான்: உள்ளே தண்ணீரின் வழி மாறிவிட்டது. நிலத்துக்குள் வேர் அறுவது போலவோ கல் உருள்வது போலவோ சத்தம் கேட்டால் அங்கே நிற்க வேண்டாம்.

தண்ணீருக்கு ஏன் இத்தனை பேச்சு என்றால், 1990களில் வட்டவளையில் ரயில் பாதையோடு நகர்ந்த நிலத்தைப் பிடித்து நிறுத்தியது சுவர் அல்ல, நிலத்துக்குள் ஆழமாகத் துளைத்து நீரை வடியவிட்ட குழாய்கள்தான். வீட்டளவில் நாம் செய்யக்கூடியதும் அதே வேலைதான். மேல்பக்கக் கானைத் துப்புரவாக வைப்பது, கூரைத் தண்ணீரையும் குசினித் தண்ணீரையும் குழாயில் கீழே கொண்டுபோய் விடுவது, மலசலகூடக் குழியை வீட்டுக்கு மேலே வெட்டாதிருப்பது. நிலப்பிளவு தெரிந்தால் அறிவித்துவிட்டு, தண்ணீர் இறங்காதபடி களிமண் அடைத்து மேலே பொலித்தீன் விரியுங்கள். அது தற்காலிகக் குடை மட்டுமே.

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்து மீரியபெத்தயில் லயங்களை மண் மூடியது. அபாயமான இடம் என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்ட சரிவு அது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு மாற்றிடம் இருக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரும், அதனால் இத்தோடு விடுகிறேன்.

எவ்வளவு மழை பெய்தால் ஆபத்து?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டி மழை நீடித்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வானொலியில் சொல்வது இவற்றைத்தான்.

உங்கள் மலையில் பெய்வது நகரத்தில் பெய்வதில்லை. விளிம்பு நேராக உள்ள பால்மா டின் ஒன்றை, கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் அளந்தால் போதும். 75 என்பது மூன்று அங்குலம், 150 என்பது ஆறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வாசல் டின் இருக்கிறது. ஏற்கெனவே நிலப்பிளவு உள்ள இடத்தில் இந்த எண்களுக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் நாள் மழையிலேயே கிளம்புங்கள்.

மழையே இல்லை, ஆனால் வீடு வெடிக்கிறது.

நிலத்தடி நீர் இறங்கினாலும் மண் சுருங்கி நெருங்கும். 2014 இறுதியில் உமா ஓயா நீர்த் திட்டச் சுரங்கத்துக்குள் நீர் பெருமளவில் புகுந்த பிறகு பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. உங்கள் வெடிப்போடு கிணற்று நீர்மட்டமும் இறங்கினால், அண்டை வீடுகளிலும் அதே மாதத்தில் வெடித்திருந்தால், எல்லோருமாகச் சேர்ந்து திகதியோடு எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் கல்குவாரி இருந்தால் வெடி வைத்த நாள், நேரத்தையும் குறித்து வையுங்கள்.

நிலநடுக்கமாக இருக்குமோ?

2020 ஓகஸ்ட் முதல் கண்டி, திகன பக்கம் சிறு அதிர்வுகள் உணரப்பட்டது உண்மை. அதிர்வு என்றால் ஊரே உணர்ந்திருக்கும். உங்கள் வீடு மட்டும் உணர்ந்திருந்தால் காரணம் அத்திவாரத்தில்.

யாரிடம் சொல்ல வேண்டும்?

கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். பிரதேச செயலகம் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும்; அங்கிருந்து வந்து இடத்தைப் பார்த்து அறிக்கை தருவார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள், வாயால் சொன்னது காற்றோடு போகும். கொப்பியில் எழுதிய அளவுகளையும் படங்களையும் இணைத்தால் வருகிறவர் முதல் பார்வையிலேயே பாதி புரிந்துகொள்வார். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

அதிகாரி வந்து பார்க்கும் வரை அதே வீட்டில் படுக்கலாமா?

சமதரை வீடு, வெடிப்பு பென்சிலுக்குக் குறைவு, வெளியே நிலத்தில் ஒன்றும் இல்லை என்றால் படுக்கலாம். சரிவில் உள்ள வீடு, மேலே நிலப்பிளவு, மழையும் விடவில்லை என்றால் பகலிலேயே இறங்கிவிடுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்து, காணிப் பத்திரம் ஒரு பொலித்தீன் பைக்குள் கதவருகே தொங்கட்டும். இறங்கும்போது ஓடைப் பக்கமாக இறங்காதீர்கள். மண் வந்தால் அந்த வழியாகத்தான் வரும். பக்கவாட்டில் போங்கள். விடிந்ததும் மாட்டைப் பார்க்க, கோழியைப் பார்க்க என்று ஒருவர் மட்டும் திரும்பி ஏறுவதும் வேண்டாம். மழை விட்டுச் சில நாட்கள் கழித்தும் சரிவு இறங்கும், தண்ணீர் மண்ணுக்குள் ஊறி முடிய நேரம் எடுக்கும்.